இரண்டு குவளைகளும் ஒரு பாத்திரமும்: ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படம் குறித்து

2018ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ என்னும் திரைப்படத்தை இறையியல் மாணவர்கள் சிலரோடு அமர்ந்து மீண்டும் காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. படம் முடிந்து விளக்கைப் போட்ட பின்பும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்பு ஒரு மாணவர், கதைத் தலைவனைப் பாடுபடும் தாசனின் சாயலாகக் கொள்ளலாமல்லவா என்றார். தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மற்றொருவர், “ஐயா, இந்தப் படத்தில் நம்முடைய சபை எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். முதற் கருத்துக்கு அன்றே ஏதோ விடை கூறினோம். இரண்டாவது கேள்விக்கு விடை கூற இயலாமல் வீடு திரும்பினோம். அவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் களமும்

மாரி செல்வராஜ் எழுதி இயக்கிய முதற் படம் இது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்த முதற் படமும் இதுவே. பெரிய நட்சத்திரங்களோ ஆடம்பர அரங்குகளோ இதில் இல்லை. நெல்லைச் சீமையின் வறண்ட நிலம், ஒரு சட்டக் கல்லூரி, சில தெருக்கள், ஓர் இருப்புப்பாதை ஆகியவையே களம்.

புளியங்குளம் என்னும் ஊரின் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பரியன் (கதிர்) வழக்கறிஞனாக வேண்டும் என்ற ஆசையோடு நெல்லைச் சட்டக் கல்லூரியில் சேர்கிறான். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் அவனுக்கு விளங்கவில்லை. உடன் பயிலும் சோதி மகாலட்சுமி (ஆனந்தி) அவனுக்கு ஆங்கிலம் கற்றுத் தருகிறாள். அவள் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவள். நட்பு அன்பாகக் கனிகிறது. அந்த அன்புக்குப் பெயர் வைக்கவும் அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. தன் அக்காள் திருமணத்துக்கு அவள் அவனை அழைக்கிறாள். மண்டபத்து அறை ஒன்றில் அவளுடைய உறவினர்கள் அவனை அடித்து நொறுக்கி, அவன்மீது சிறுநீர் கழித்து இழிவு செய்கின்றனர். அவளுடைய தந்தையோ, நீ விலகாவிட்டால் இவர்கள் என் மகளையும் கொன்றுவிடுவார்கள் என்று சொல்லி அவனை அனுப்பிவிடுகிறார். நடந்ததை அவன் அவளிடம் ஒருநாளும் சொல்வதில்லை.

இக்கதைக்கு இணையாக ஒரு முதியவரின் கதை ஓடுகிறது. சாதி கடந்து அன்பு கொண்டவர்களை விபத்தென்றும் தற்கொலையென்றும் ஊர் நம்பும் வகையில் கொல்லுவது அவருடைய வேலை. அதைக் கூலிக்காகச் செய்வதாக அவர் எண்ணவில்லை. குலத்துக்கும் குலதெய்வத்துக்கும் ஆற்றும் தொண்டாகவே எண்ணுகிறார். யோவான் நற்செய்தியின் 16ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ஆண்டவர் தம் சீடருக்குக் கொடுத்த எச்சரிப்பை அறிந்த நமக்கு இப்பாத்திரம் புதியதன்று. கொலையைக் கடவுள் தொண்டாகக் கருதுவோர் வருவர் என்பதே அந்த எச்சரிப்பு. கராத்தே வெங்கடேசன் இவ்வேடத்தைக் குரலை உயர்த்தாமல், முகத்தில் பகை காட்டாமல் ஏற்று நடித்திருப்பது நம்மை நடுங்கச் செய்கிறது. கொல்பவர் எவருடைய வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்திருக்கக்கூடிய பெரியவராகவே தோன்றுகிறார்.

தடுக்கப்பட்ட காதல் தமிழ்த் திரைக்குப் புதிய பொருளன்று. 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தின் முடிவைக் கிறிஸ்தவ வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தணர் வீட்டுப் பையன் பூணூலையும் கிறிஸ்தவப் பெண் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு ஒன்றாகச் செல்கின்றனர். அடையாளத்தைக் கழற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அப்படம் நம்பியது. 2004இல் வந்த ‘காதல்’ அந்நம்பிக்கையைக் கைவிட்டது. அதில் தப்பியோடிய இளைஞன் அடிபட்டு அறிவிழந்து தெருவில் திரிகிறான். 2016இல் வந்த மராத்திப் படமாகிய ‘சைராட்’ கொலையில் முடிகிறது. ‘பரியேறும் பெருமாள்’ இவற்றில் எவ்வழியிலும் செல்லவில்லை. பரியனிடம் கழற்றி எறிவதற்கு ஒன்றுமில்லை. அவனைக் காட்டிக்கொடுப்பது அவன் ஊரும் தெருவுமே. அவர்கள் ஓடிப்போகவும் இல்லை, சாகவும் இல்லை. முதியவரின் கொலை முயற்சிக்குத் தப்பிய பரியனும் சோதியின் தந்தையும் இறுதியில் நேருக்கு நேர் நின்று பேசுகிறார்கள். படம் அங்கே நின்றுவிடுகிறது.

தண்ணீரும் தேநீரும்

இப்படத்தில் குடிப்பதும் குளிப்பதும் தற்செயலாக வருவன அல்ல என்பது இரண்டாம் முறை பார்க்கையில் நமக்கு விளங்கிற்று. முதற் காட்சியில் பரியனும் அவன் தோழர்களும் தங்கள் வேட்டை நாய்களை ஒரு குட்டையில் குளிப்பாட்டுகின்றனர். ஆதிக்கச் சாதியினர் வருவதைக் கண்டு அவர்கள் விலகிச் செல்ல, வந்தவர்கள் அந்நீரில் சிறுநீர் கழிக்கின்றனர். சற்று நேரத்தில் பரியனின் நாய் கருப்பி இருப்புப்பாதையில் கட்டப்பட்டு இரயிலில் அடிபட்டுச் சாகிறது. குட்டைக்குச் செய்யப்பட்ட அதே இழிவு, பின்பு திருமண மண்டபத்தில் பரியனுக்குச் செய்யப்படுகிறது. கடைசிக் காட்சியில் ஒரு பலகையின்மேல் இரண்டு தேநீர்க் குவளைகள். அவற்றின் நடுவே ஒரு மல்லிகைப் பூ.

தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குவளை வைத்த வழக்கத்தை அறிந்தவர்க்கு இக்காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. சட்டம் வந்த பின்பும் இரட்டைக் குவளை பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. இயக்குநர் அந்த இரண்டு குவளைகளையும் எடுத்து, பகைவர் இருவர் ஒரே கடையில் குடித்த தேநீராக மாற்றி வைக்கிறார். இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று அவர் சொல்லவில்லை. ஒரு பலகையின்மேல் அருகருகே இருக்கின்றன என்று மட்டுமே காட்டுகிறார். நிலைமை நாளை மாறக்கூடும் என்பதற்கு மேல் தந்தையும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. இந்த அளவறிந்த நேர்மையே படத்தின் பெருஞ்சிறப்பு என்பது நம் கருத்து.

யோவான் 4ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது இக்காட்சி நமக்கு உதவும். யூதர் சமாரியரோடு பாத்திரங்களைப் பகிர்ந்து கொள்ளாத காலத்தில், ஆண்டவர் ஒரு சமாரியப் பெண்ணின் குடத்திலிருந்து தமக்குத் தண்ணீர் கேட்டார். உயிருள்ள நீரைப் பற்றிய உயர்ந்த போதனை அனைத்தும் அந்த வேண்டுகோளுக்குப் பின்னரே வருகின்றது. நாம் பெரும்பாலும் வேண்டுகோளை விட்டுவிட்டுப் போதனைக்குத் தாவிவிடுகிறோம்.

பாடுபடும் தாசனா?

இனி மாணவரின் முதற் கருத்துக்கு வருவோம். அடிக்கப்பட்டும் வாய் திறவாத பரியனை ஏசாயா 53ஆம் அதிகாரத்துத் தாசனோடு ஒப்பிடும் ஆசை எளிதில் எழும். அவ்வொப்புமையை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று அன்று கூறினோம். அதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, பரியன் எப்பொழுதும் வாய் திறவாதவன் அல்லன். கல்லூரியில் இடித்துத் தள்ளப்படும்போது அவன் திருப்பி அடிக்கிறான். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து உயர்ந்த முதல்வர், அறைக்குள் தூக்கிட்டுச் சாவதைவிட எதிர்த்து நின்று சாவது மேல் என்ற பொருளில் பேசுகிறார். இப்பேச்சு கல்லூரி விடுதிகளில் மாண்டுபோன மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது தெளிவு. இறுதிப் பேச்சிலும் பரியன் மன்னிப்பை வாரி வழங்கவில்லை. தன்னை மனிதனாகக் காணாதவரை எதுவும் மாறப்போவதில்லை என்பதைத் தந்தையின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்.

இரண்டாவது, அடிபடுபவனைத் தாசன் என்று போற்றுவது அடிப்பவனுக்கு வசதியாக அமைந்துவிடுகிறது. ஒடுக்கப்பட்டோர் பொறுமையாயிருக்க வேண்டும் என்று போதிக்க நாம் சிலுவையை எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறோம். சிலுவை சுமத்தியவர்களிடம் மனந்திரும்புதலைக் கேட்பதற்கு அதைப் பயன்படுத்தியது குறைவு. பரியனுடைய தந்தையை எண்ணிப் பாருங்கள். கூத்தில் பெண் வேடமிட்டு ஆடிப் பிழைக்கும் அவரை மாணவர்கள் நடுத்தெருவில் துகிலுரிந்து ஓட விடுகின்றனர். உண்மையாகவே கூத்துக் கலைஞராயிருந்து மறைந்த தங்கராசு அவ்வேடத்தில் நடித்தார். அக்காட்சியில் மீட்பு ஒன்றுமில்லை. கூசுதல் மட்டுமே உண்டு. அதற்கு இறையியற் பொருள் சூட்டுவதற்கு முன் நாம் சற்று நேரம் கூசியிருப்பது நல்லது.

சோதி அறியாதது

படத்தின் குறையையும் சொல்ல வேண்டும். சோதிக்குக் கடைசி வரையில் எதுவும் தெரிவதில்லை. தன் வீட்டுத் திருமணத்தில் என்ன நடந்தது, தன் தந்தை யாரை ஏவினார் என்பவற்றை அவள் அறியாள். பரியன் அவளைத் தேவதையாகக் காண்கிறான். படமும் அவ்வாறே காண்கிறது. தேவதையிடம் எவரும் உண்மை பேசுவதில்லை. அவளுடைய வாழ்வைப் பற்றி இரண்டு ஆண்கள் தேநீர்க் கடையில் பேசிக்கொள்ளும்போது அவள் அருகிலிருந்தும் அறியாதவளாகவே இருக்கிறாள்.

அவளுக்குச் சொன்னால் அவள் குடும்பம் உடையும், உயிருக்கும் ஆபத்து நேரும் என்று பரியன் அஞ்சுவது நமக்கு விளங்குகிறது. ஆயினும் பாதிக்கப்பட்டவனே பகைவனின் குடும்ப மானத்தைக் காப்பவனாகிறான். உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் ஒப்புரவு எவ்வளவு தூரம் செல்லும்? இக்கேள்வியை இயக்குநர் தெரிந்தே நம்மிடம் விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்று நாம் உறுதி கூறமாட்டோம். ஆனால் இத்தகைய மறைப்பில் வளரும் பெண்கள் நம் வீடுகளிலும் சபைகளிலும் உண்டு. எங்கள் வீட்டில் சாதி பார்ப்பதில்லை என்று அவர்கள் மனமறிந்து பொய் சொல்லுவதில்லை. அவர்களுக்குத் தெரியாது. ஒருவரை மணக்க விரும்பும் நாளில்தான் தெரிய வருகிறது.

தஞ்சையிலிருந்து பார்க்கையில்

இது நெல்லைக் கதை, நமக்கென்ன என்று காவிரிப் படுகையிலுள்ள உடன் ஊழியர் எவரும் எண்ணலாகாது. மேட்டூரில் திறக்கும் நீர் ஒரே வாய்க்காலில் ஓடி எல்லாருடைய வயலிலும் பாய்கிறது. நாற்று நடுபவர்க்கும் நிலம் உடையவர்க்கும் அந்நீர் ஒன்றே. ஆனால் அதே வாய்க்காலின் ஒரு கரையில் ஊரும் மறு கரையில் தெருவுமாக நாம் வாழ்கிறோம். கூலியைப் பற்றிய போராட்டத்தின் முடிவில், 1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டது பழைய தஞ்சை மாவட்டத்தில்தான். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பு இளைஞரை மணந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, காவல் நிலையத்திலிருந்து வீட்டாரோடு அனுப்பப்பட்ட பின்பு கொல்லப்பட்டு எரிக்கப்பட்டாள் என்று பெற்றோர் கைது செய்யப்பட்டதும் இதே தஞ்சை மாவட்டத்தில்தான். படத்தில் வரும் முதியவரை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை.

இனி மாணவரின் இரண்டாவது கேள்வி. நெல்லைச் சீமை சீர்திருத்தச் சபைகள் வேரூன்றிய மண். அப்படியிருந்தும் இப்படத்தில் நம் நினைவில் நிற்கத்தக்க போதகர் ஒருவரும் இல்லை. பரியன் அடிபட்டபோது ஓடிச்சென்று தட்டுவதற்கு ஒரு குருமனைக் கதவும் இல்லை. இது இயக்குநரின் மறதியாக நமக்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட இளைஞனுக்கு அந்தக் கதவு நினைவுக்கு வராது என்பதே உண்மையாயிருக்கலாம்.

அதற்குக் காரணம் நம் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சைப் பகுதியில் நற்செய்தியைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் இராசநாயக்கன். அவர் தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். பறையர் குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடி மிசியோனில் இரண்டாவது நாட்டுக் குருவைத் தெரிந்தெடுக்க வேண்டியபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. அவர் கையினால் வேளாளச் சபையார் திருவிருந்தை வாங்கத் தயங்குவர் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. 1741இல் தியோகு என்பவர் குருவாக நியமனம் பெற்றார். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்தார். பாத்திரத்தை எந்தக் கை நீட்டுகிறது என்பது அன்றே நம்மிடையே கேள்வியாயிற்று.

நூறாண்டு சென்றது. சுவார்ட்சு ஐயர் நெல்லையிலிருந்து சிறுவனாக அழைத்து வந்து தஞ்சையில் வளர்த்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் ஆண்டவர்மேல் காதல் கொண்ட பெண்ணுக்குக் குறி சொல்ல ஒரு குறத்தியை வரவழைத்த பெருங்கவிஞர் அவர். அவர் பாடல்களை நாம் இன்றும் கண்ணீரோடு பாடுகிறோம். சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடமுண்டு என்று வாதாடியவரும் அவரே. பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து உடனே அகற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சைச் சபையார் பலர் அதை ஏற்க மறுத்துப் பிரிந்து நின்றனர். ஆலயத்தில் சேர்ந்து உட்காருவதும் ஒரே பாத்திரத்தில் பருகுவதும் அன்று அவர்களுக்கு அவ்வளவு கடினமாயிருந்தது.

அந்தச் சண்டையில் வில்சன் பக்கமே வென்றது என்று வரலாற்று வகுப்பில் நாம் கற்பிக்கிறோம். இன்று எவரும் ஆலயத்தில் தனியே உட்காருவதில்லை. பந்தியிலும் தனி வரிசை இல்லை. கொள்ளை நோய்க்குப் பின் பல சபைகள் தனித்தனிச் சிறு கிண்ணங்களுக்கு மாறியிருப்பினும் அது உடல்நலம் கருதியதேயன்றி வேறில்லை. எனினும் சாதி ஆலயத்தைவிட்டு வெளியேறி எங்கே சென்றது? அது திருமணத்துக்குள் சென்று அமர்ந்துகொண்டது. நம் கிறிஸ்தவ இதழ்களின் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். மறுபிறப்படைந்தவர், செபிக்கிறவர் என்ற தகுதிகளுக்கு முன்னே சாதியின் பெயர் நிற்கும். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகிய இருவர் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கின்றனர். கொரிந்து சபையார் ஒன்றாகக் கூடியும் தனித்தனியே உண்டதைப் பவுல் கண்டித்த 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை நாம் ஒவ்வொரு திருவிருந்திலும் நினைவுகூருகிறோம். அக்கண்டனம் மணவறைக்கும் உரியது என்று போதித்தோமா?

ஓலை வாசிக்காத ஒரு ஞாயிறு

இவ்வளவும் எழுதிய நாம் நம்மை மறைத்துக்கொள்ளலாகாது. பல ஆண்டுகளுக்கு முன் படுகையின் ஒரு சபையில் நாம் ஊழியம் செய்துகொண்டிருந்தபோது, அதே சபையைச் சேர்ந்த இளைஞரும் இளம்பெண்ணும் குருமனைக்கு வந்து தங்கள் திருமண ஓலையை வாசிக்கும்படி கேட்டனர். இருவரும் நம்மிடமே திடப்படுத்தல் வகுப்பில் பயின்றவர்கள். ஒருவர் ஊருக்குள்ளிருந்து வந்தவர். மற்றவர் தெருவிலிருந்து வந்தவர். அன்றிரவே சபைப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் நம்மை மிரட்டவில்லை. “ஐயர் அவசரப்பட வேண்டாம், அறுவடை முடியட்டும், இரண்டு பக்கமும் ஆறட்டும்” என்று மட்டுமே சொன்னார். நாமும் ஞானஸ்நானச் சான்று, பெற்றோர் ஒப்புதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் காலம் தாழ்த்தினோம். மூன்று ஞாயிறுகள் சென்றன. ஓலை வாசிக்கப்படவில்லை. அவர்கள் வெளியூர் சென்று, பதிவாளர் அலுவலகத்தில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்து மணந்துகொண்டனர். அரசாங்கம் பலகையில் ஒட்டிய பெயர்களைச் சபை பலிபீடத்துக்கு முன் படிக்கவில்லை. அவர்கள் பின்பு அந்த ஆலயத்துக்கு வரவே இல்லை.

நல்வாய்ப்பாக அவர்கள் உயிரோடிருக்கிறார்கள். அதற்கும் நமக்கும் தொடர்பில்லை. படத்தில் சோதியின் தந்தை நாளை மாறக்கூடும் என்று சொல்லும்போது, அறுவடை முடியட்டும் என்ற குரலும் அதற்கு நாம் தலையசைத்ததும் நமக்கு நினைவுக்கு வந்தன. “சபை எங்கே?” என்று மாணவர் கேட்டதற்கு நாம் அன்று சொல்லாத விடை இதுவே. சபை அந்தத் தந்தையின் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

இறையியல் மாணவர்கள் இப்படத்தைத் தவறாது காண வேண்டும். வாலிபர் ஐக்கியக் கூட்டங்களில் காட்டிப் பேசவும் ஏற்றது. அதில் வரும் அடியும் வசையும் கடுமையானவை. ஆதலின் சிறுவருக்கு வேண்டாம். பேசும்போது பரியனைப் பற்றி மட்டும் பேசாமல், சோதியின் தந்தையைப் பற்றியும் பேசும்படி வேண்டுகிறோம். அவர் கொடியவராகப் படைக்கப்படவில்லை. மகள்மேல் அன்புள்ளவர், உறவினருக்கு அஞ்சுபவர், நல்லது நடக்கட்டும், ஆனால் இப்போது வேண்டாம் என்பவர். நம் சபைகளின் முன்வரிசையில் அவரைப் போன்றோர் மிகுதி. குருமனைகளிலும் உண்டு.

அடுத்து வரும் ஆண்டுகளில் உங்களில் ஒவ்வொருவர் வாசலிலும் இருவர் வந்து நிற்பார்கள். ஒருவர் ஊரிலிருந்தும் மற்றவர் தெருவிலிருந்தும் வந்திருப்பர். அன்றிரவே ஒரு பெரியவரும் வருவார். அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஓலையை வாசியுங்கள்.